சவர்க்காரத்துக்கு அச்சும் உள்தாளும்: மட்டக்களப்பு வெக்கையில் முதல்முதலாக ஊற்றப்போகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகச் சவர்க்காரக் கலவையை ஊற்றியது வீட்டில் வட்டிலப்பம் அவிக்கிற தட்டில். ஓரம் நேராக இருந்தது, அளவும் கச்சிதம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஊற்றி இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஓரமெல்லாம் சளசளவென்று நுரைத்தது. தட்டு கையில் பிடிக்க முடியாமல் சுட்டது. வெள்ளையாக இருந்த கலவை சாம்பல் நிறமானது. அள்ளிக் கொட்டிவிட்டுப் பார்த்தால் தட்டின் அடி கறுத்துப் பொருக்கு விட்டிருந்தது. அதுவும் உம்மா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தட்டு.

அது அலுமினியம். எண்ணெயைச் சவர்க்காரமாக்கச் சேர்க்கிற கோஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது ஐதரசன் வாயு கிளம்பும், அந்த வாயு தீப்பற்றும். நான் அதைச் செய்துகொண்டிருந்தது எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில்.

2022இல் கடைச் சவர்க்காரத்தின் விலை ஏறிய நாட்களில் எங்கள் பக்கத்தில் பலர் வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கினார்கள். கல்லடியில், ஆரையம்பதியில், கல்முனைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இன்றும் என்னிடம் கேட்பது எண்ணெய் விகிதத்தை அல்ல. "எதுக்குள்ள ஊத்துற?" என்பதைத்தான் கேட்கிறார்கள். கலவை செய்யும் முறை எங்கும் கிடைக்கும். அச்சைப் பற்றிக் கிடைப்பதோ குளிர்நாட்டில் இருக்கிறவர்களுக்கு எழுதியது. அங்கே தேங்காயெண்ணெயை உருக்கச் சொல்வார்கள். அது 25 பாகை அளவில் உருகிவிடும், எங்கள் வீட்டில் வருடம் முழுக்க அது தண்ணீர் மாதிரித்தான் நிற்கும். அங்கே அச்சைத் துவாயால் சுற்றி வைக்கச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்ணெய், பிறகு அச்சு

கடைக்குப் போய் வடிவான ரோசாப்பூ அச்சு ஒன்றை வாங்கி வந்துவிட்டு, அதற்குள் எதை ஊற்றலாம் என்று யோசிக்கிறவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். என்ன எண்ணெயில் செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அச்சைத் தீர்மானிக்கும்.

முழுக்கத் தேங்காயெண்ணெயில் செய்தால் சவர்க்காரம் மிகக் கெதியாக இறுகும், அதோடு நன்றாகச் சூடேறும். பெரிய கட்டியாக ஊற்றினால் சில மணி நேரத்திலேயே வெட்ட வேண்டும். அடுத்த நாள் காலையில் வெட்டலாம் என்று படுத்தால், காலையில் கத்தி இறங்காது, இறங்கினாலும் கட்டி பாளம் பாளமாக உடையும். அதனால் தேங்காயெண்ணெய் மட்டும் என்றால் ஒவ்வொரு கட்டிக்கும் தனித்தனிக் குழி இருக்கிற அச்சு மிகவும் சுகம். வெட்டுகிற வேலையே இல்லை.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய் போன்றவற்றைத் தேங்காயெண்ணெயோடு கலந்தால் கதை வேறு. இளகிய எண்ணெய் கூடக்கூட இறுக நாள் எடுக்கும், இரண்டு மூன்று நாள் அச்சிலேயே கிடக்கும். இதைக் குழி அச்சில் ஊற்றிவிட்டு அவசரப்பட்டுக் கழற்றினால் ரோசாப்பூவின் பாதி இதழ் அச்சிலேயே நின்றுவிடும். இப்படிக் கலப்பு எண்ணெய்க்கு நீளப் பெட்டி அச்சு நல்லது. பொறுமையாகக் கழற்றலாம், ஆறுதலாக வெட்டலாம்.

உருக்கி ஊற்றுகிற ஆயத்தச் சவர்க்காரக் கட்டி பாவிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. அதில் சோடா வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. சூடு தாங்குகிற எந்த அச்சும் சரி.

எதில் ஊற்றலாம், எதில் ஊற்றக் கூடாது

கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் கூடவே கூடாது. கேக் தட்டுகள், தொதல் தட்டுகள், சாப்பாடு கட்டித் தருகிற மெல்லிய வெள்ளித் தட்டுகள் எல்லாம் அதில் அடங்கும். அலுமினியம் ஒளிந்திருக்கிற இடங்களும் உண்டு. பால்மாப் பையின் உட்புறம் பளபளக்கிறதே, அது அலுமினியப் படலம். நீண்ட நாள் கெடாத பால் வருகிற கடதாசிப் பெட்டிக்குள்ளும் பிளாஸ்டிக் பூச்சுக்கு அடியில் அதே படலம் இருக்கிறது. மடிப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும். இந்தப் பால் பெட்டியை அச்சாக்கலாம் என்று பல இடத்தில் சொல்லியிருப்பார்கள், உள்ளே வெள்ளி நிறம் இல்லாத பெட்டியைப் பற்றியது அது. தகர ரின்னும் வேண்டாம், நாகம் பூசிய வாளியும் வேண்டாம். எவர்சில்வர் கெடாது, ஆனால் வளைந்து கொடுக்காது. அதற்குள் இறுகிய கட்டியை வெளியில் எடுக்கப் படுகிற பாட்டை நான் பட்டிருக்கிறேன்.

கண்ணாடியும் அப்படித்தான். தயிர் வாங்கின சட்டி வீட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கிறதே, அதில் ஊற்றலாமா என்று கேட்ட ஒருவருக்கு நான் சிரித்துவிட்டேன், பிறகு நானே இரகசியமாகச் செய்தும் பார்த்தேன். மண் சட்டி கலவையை உறிஞ்சிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. சட்டியை உடைத்துத்தான் எடுத்தேன். சிரட்டையும் பார்வைக்கு வடிவு, பாசிக்குடாவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும். ஆனால் சவர்க்காரம் சிரட்டையை விட்டு வராது, சிரட்டையோடுதான் கொடுக்க வேண்டும். கிணற்றடியில் ஈரம் பட்டுக் கிடந்தால் அந்தச் சிரட்டை பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இனி ஊற்றக்கூடியவை. கையில் கிடைப்பதில் மிகச் சுலபமானது ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டியும் மாஜரின் டப்பாவும். டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 5 என்றாலும் 2 என்றாலும் பயமில்லாமல் ஊற்றலாம். 1 என்றால் அது குடிக்கிற சோடா வருகிற போத்தல் வகை, 70 பாகைச் சூட்டுக்கே நெளியும், சவர்க்காரம் உள்ளே சூடேறும்போது அந்த அளவைத் தொட்டுவிடும். 6 என்றால் நொருங்குகிற சாதி, வேண்டாம். யோகட் கப்பிலும் இந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். கழற்றக் கஷ்டமாக இருந்தால் டப்பாவைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியலாம் என்பது ஒரு வசதி. முதல் தடவைக்கு இதைவிட மலிவான பாடம் இல்லை.

சிலிக்கன் அச்சு கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் மட்டக்களப்பு பஸாரிலும் தேடிப் பார்க்கலாம். கலவை ஒட்டாமல் அச்சுக்குள் விரிக்கிற உள்தாளே இதற்குத் தேவையில்லை, வளைத்து அமத்தினால் கட்டி கழன்று விழும். இரண்டு குறை உண்டு. நீளச் சிலிக்கன் அச்சில் ஒரு கிலோ ஊற்றினால் நடுவயிறு பிதுங்கும், கட்டி வண்டி விட்டு நிற்கும். இரண்டு பக்கத்திலும் செங்கல் ஒன்றை அணைத்து வையுங்கள், தீர்ந்தது. மற்றது, சிலிக்கன் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சவர்க்காரம் ஊற்றிய அச்சில் பிறகு கேக் ஊற்றாதீர்கள். வாசனைக்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடாதபடி அச்சின் அடியில் பேனையால் எழுதியே வைத்துவிடுங்கள்.

பிவிசி பைப்பில் ஊற்றினால் உருண்டைக் கட்டி வரும். 75 மில்லிமீற்றர் பைப்பில் ஒரு முழத்துக்குக் குறைவான துண்டு, கழிவுநீர் ஓடாத புதுத் துண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாயைத் தடித்த பொலித்தீனால் மூடி, இறப்பர் வளையம் போட்டு, மேலே ரேப் சுற்றி, நிமிர்த்தி வைத்து ஊற்ற வேண்டும். எடுக்கும்போதுதான் எங்கள் ஊர்க் கை உதவும். குழல் பிட்டைத் தள்ளிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பைப்பின் வாய்க்குள் நுழைகிற அளவு ஒரு போத்தலைப் பிடித்து ஒரே சீராகத் தள்ளினால் முழுசாக வெளியே வரும். வராவிட்டால் இரண்டு மணி நேரம் பிரீசரில் வைத்து, பிறகு பைப்பின் வெளிப்புறத்தில் சுடுதண்ணீர் ஊற்றித் தள்ளுங்கள்.

நான் சொல்வது மரப் பெட்டி

தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் மரப் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். அரை அங்குலப் பலகையே போதும். மரக்காலையில் கழிவாகக் கிடக்கிற துண்டுகளில் அடிக்கலாம். மரம் எதுவென்று அதிகம் பார்க்க வேண்டியதில்லை, உள்தாள் போடுவதால் கலவை மரத்தில் படாது. பிசின் வடிகிற மரமும், ஈரம் காயாத மரமும் மட்டும் வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓடாவி அண்ணனிடம் அளவைச் சொன்னபோது அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "என்ன புள்ள, பூனைக்குச் சவப்பெட்டியா அடிக்கப்போறாய்?" என்றார். அடித்துத் தந்தது என்னவோ அருமையான பெட்டி, ஆனால் நான் சொன்ன அளவை அவர் வெளியளவாக எடுத்துவிட்டார். பலகைத் தடிப்பு உள்ளே போய்ப் பெட்டி சிறுத்துவிட்டது. அதனால் சொல்லும்போதே உள்ளளவு என்று அழுத்திச் சொல்லுங்கள்: உள்நீளம் 25 சென்ரிமீற்றர், உள்ளகலம் 8, உள்ளுயரம் 6.5.

இன்னும் இரண்டு சங்கதி. நீளப் பக்கப் பலகை ஒன்றாவது கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். காதுள்ள நட் போட்ட போல்ட் இரண்டு போதும், கையாலேயே திருகிக் கழற்றலாம். பெட்டி பிரியாவிட்டால் கட்டியை எடுப்பது பல் பிடுங்குகிற வேலை. அடுத்தது, ஆணித் தலையோ போல்ட் முனையோ உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அது உள்தாளைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் கலவை இரும்பைத் தொட்டுத் துருக்கறை விழும்.

எவ்வளவு கலக்க வேண்டும்

பெட்டியின் கணக்கு இலேசு. நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஊற்றப்போகிற உயரத்தால் பெருக்குங்கள். சென்ரிமீற்றரில் அளந்தால் விடை மில்லிலீற்றரில் வரும். அந்த எண்ணை 0.7ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் எண்ணெய் வேண்டும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும்.

மேலே சொன்ன பெட்டியை எடுப்போம். 25, 8, ஊற்றும் உயரம் 5. பெருக்கினால் 1000. எண்ணெய் 700 கிராம். பெட்டியின் உயரம் 6.5 என்று சொன்னேன், மேலே ஒன்றரைச் சென்ரிமீற்றர் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமை வேண்டும், சூடேறும்போது கலவை பொங்கினால் வழியாது. 2.5 சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டினால் சரியாகப் பத்துக் கட்டி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 கிராம். இந்த அளவுப் பெட்டியை நான் சொல்வதற்குக் காரணமே இந்தச் சுத்தக் கணக்குத்தான்.

700 கிராமும் தேங்காயெண்ணெய் என்றால் கோஸ்டிக் சோடா 102 கிராம், தண்ணீர் 205 கிராம். எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு சோடாவில் சேராமல் மிஞ்சுகிற கணக்கு இது. தேங்காயெண்ணெய் மட்டும் போட்டால் தோலை வறட்டும், அந்த மிச்ச எண்ணெய்தான் அதைத் தணிக்கும். வேறு எண்ணெய் கலந்தால் இந்தச் சோடாக் கணக்கு செல்லாது, ஒவ்வோர் எண்ணெய்க்கும் அளவு வேறு. எல்லாவற்றையும் தராசில் நிறுங்கள். தண்ணீரையும் நிறுங்கள். கரண்டிக் கணக்கு இந்த வேலைக்கு உதவாது.

பைப்புக்கு: உள்விட்டம் 7 சென்ரிமீற்றர் என்றால் அரைவிட்டம் 3.5. அதை அதனாலேயே பெருக்கி 3.14ஆல் பெருக்கினால் 38.5 வரும். 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 962 மில்லிலீற்றர், எண்ணெய் 670 கிராம் அளவில்.

பூ அச்சு, மீன் அச்சு மாதிரிக் கோணல்மாணலானவற்றுக்கு அரிசியை நிரப்பி, அந்த அரிசியை அளவுக்கோடு போட்ட ஜக்கில் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றியும் அளக்கலாம், ஆனால் பிறகு துளி ஈரமும் இல்லாமல் துடைக்க வேண்டும். அளந்த அரிசியை உலைக்குப் போடலாம், புது அச்சாக இருந்தால்.

உள்தாள்

புதியவர்கள் அதிகம் பிழை விடுகிற இடம் இது. பெரும்பிழை, தாளே போடாமல் அச்சுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது. கேக் தட்டுக்குப் பூசிப் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் சோடா அந்த எண்ணெயையும் பிடித்துச் சவர்க்காரமாக்கிவிடும், கட்டி இன்னும் இறுக்கமாக ஒட்டும். பூச வேண்டும் என்றால் வாசலின் பூசுங்கள். அது மண்ணெண்ணெய்ச் சாதி, சோடா அதை ஒன்றும் செய்யாது.

எந்தத் தாள்? கேக்குக்குப் போடுகிற பேக்கிங் தாள் முதல் தெரிவு. கவனம், கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள் இருக்கும். ஒன்று ஓவனில் வைக்கிற பேக்கிங் தாள், மற்றது மெழுகு பூசிய எண்ணெய்த்தாள். மெழுகுத்தாள் சூட்டில் இளகி, கட்டியோடு ஒட்டிக் கிழிந்து வரும். பிறகு ஊசியால் நோண்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நியூஸ் பேப்பரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாழையிலையும் போட்டுப் பார்த்தேன், எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் நினைவு வருவது அதுதான். சோடா இலையைக் கறுப்பாக்கி, கட்டியின் அடியில் பழுப்புக் கறை போட்டுவிட்டது.

பொலித்தீனும் நல்லது. மேசைக்கு விரிக்கிற தடித்த பொலித்தீனை யார் (கஜம்) கணக்கில் வெட்டித் தருவார்கள், அதில் ஒரு யார் வாங்கினால் மாதக்கணக்கில் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். சொப்பின் பையை வெட்டியும் போடலாம், ஆனால் அதன் சுருக்கம் எல்லாம் கட்டியில் பதியும், கிழவியின் கை மாதிரி இருக்கும். வீட்டுப் பாவனைக்கு அதனால் என்ன.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. போட்டோக்கொப்பிக் கடையில் புத்தகம் பைண்ட் பண்ணும்போது மேலே போடுகிற தடித்த கண்ணாடிச் சீற் இருக்கிறதே, அது. ஏ4 அளவு, அதாவது 21க்கு 29.7 சென்ரிமீற்றர். இப்போது பெட்டியைப் பாருங்கள். பக்கம் 6.5, அடி 8, மறுபக்கம் 6.5, கூட்டினால் 21. பெட்டியின் நீளத்துக்கு 29.7ஐ 25ஆக வெட்டினால் போதும். ஒரே சீற் அடியையும் இரண்டு நீளப் பக்கங்களையும் மூடிவிடும். இன்னொரு சீற்றில் 8க்கு 6.5 அளவில் இரண்டு துண்டு வெட்டி இரண்டு தலைமாட்டிலும் வையுங்கள். மரத்தில் சின்னதாக வாசலின் தொட்டு ஒட்டினால் அசையாது. சுருக்கமே இல்லாத, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற கட்டி வரும். கழுவி வைத்தால் பத்துத் தடவைக்கு மேல் பாவிக்கிறேன்.

பேக்கிங் தாள் போடுகிறவர்கள் மூலை மடிக்கப் பார்க்காதீர்கள். பரிசுப் பொதி சுற்றுகிற மாதிரி மடித்து மடித்து மூலையில் தாள் குவியும், கட்டியின் நாலு மூலையும் பள்ளம் விழும். அதைவிட இரண்டு கீலம் போடுவது இலேசு.

முதல் கீலம் 25 அகலம், 27 நீளம். இதைக் குறுக்காக இறக்குங்கள், அடியும் நீளப் பக்கங்களும் மூடப்பட்டு இரண்டு பக்கமும் 3 சென்ரிமீற்றர் வெளியே தொங்கும். இரண்டாம் கீலம் 8 அகலம், 44 நீளம். இதை நெடுக்காக மேலே இறக்குங்கள், இரண்டு தலைமாடும் மூடப்பட்டு அதிலும் 3 சென்ரிமீற்றர் தொங்கும். தொங்குகிற நாலு காதும்தான் பிறகு கட்டியைத் தூக்கும் பிடி. மடிப்பு விழ வேண்டிய இடத்தை அடிமட்டத்தை வைத்து நகத்தால் முதலே மடித்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வைத்துவிட்டு அமத்தினால் மூலை வளைந்து நிற்கும். காதுகளை வெளிப்பலகையில் ரேப்பால் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கு மடிந்து கலவைக்குள் விழும்.

கீலம் சேர்கிற மூலையால் ஒழுகாதா? கலவை பதம் வந்திருந்தால் ஒழுகாது. தண்ணீராக ஊற்றினால் எந்தத் தாளும் தாங்காது.

ஊற்றுகிற நாள்

பெட்டிக்கு உள்தாள் போட்டு முடித்த பிறகுதான் சோடாவைத் தொட வேண்டும். கலவை பதம் வந்தபின் கத்தரிக்கோலைத் தேடி ஓடினவர்களை எனக்குத் தெரியும்.

சோடாவைத் தண்ணீருக்குள் போடுங்கள். தண்ணீரைச் சோடாவுக்குள் ஊற்றாதீர்கள், குபீரென்று பொங்கித் தெறிக்கும். திறந்த இடத்தில் செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோடாத் தண்ணீர் ஆறி, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது எண்ணெயில் சேருங்கள்.

பதம் என்பது தோசை மா பதம். கரண்டியால் தூக்கி விட்டால் விழுந்த கோடு மேலே சற்று நின்று மறைய வேண்டும். பெட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் இறுகினாலும் பாதகமில்லை. பூ அச்சுக்கு இளகலாகவே ஊற்றுங்கள், தொதல் மாதிரி இறுகவிட்டு ஊற்றினால் இதழ் நுனிக்குக் கலவை போகாது, காற்றுக் குழி விழும். ஊற்றியதும் அச்சைத் தூக்கி மேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள்.

மேசை மட்டமா என்று முதலே பார்ப்பது நல்லது. அரைப் போத்தல் தண்ணீரைப் படுக்க வைத்தால் தெரிந்துவிடும். எங்கள் பழைய வீட்டு நிலம் வாவிப் பக்கமாகச் சரிந்தது, என் முதல் பத்துக் கட்டியும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருந்தன.

இனித் துவாய் விடயம். குளிர்நாட்டில் அச்சைச் சுற்றி மூடுவது சூடு போகாமல் காக்க. கட்டியின் நடு நன்றாகச் சூடேறிக் கண்ணாடி மாதிரி ஆகி, அது ஓரம்வரை பரவினால் நிறம் ஒரே சீராக வரும். இங்கே பங்குனி, சித்திரை வெக்கையில் மரப் பெட்டிக்குள் இருக்கிற தேங்காயெண்ணெய்க் கலவைக்குத் துவாய் போர்த்தினால் நடு கொதித்து, பாண் வெடித்த மாதிரி மேலே நெடுகப் பிளக்கும். பால், தேன், சீனி எது சேர்த்திருந்தாலும் இன்னும் மோசம், பெட்டியை விட்டுப் பொங்கி வழியும். அதனால் போர்த்தாதீர்கள். வெறும் சீமெந்து நிலத்தில் இரண்டு தடிக்கு மேலே பெட்டியை வையுங்கள், அடியாலும் காற்றுப் போகும். பிளவு தெரியத் தொடங்கினால் கையுறை போட்ட விரலால் மெதுவாக அமத்திவிட்டு, மின்விசிறிக்கு முன்னால் மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இடமிருந்தால் சில மணி நேரம் அதற்குள் வைத்தாலும் சரி, சாப்பாட்டுச் சாமானை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு.

மாரி மழைக் காலத்தில் இந்தப் பயம் குறைவு. மேலே வெள்ளைத் தூள் படிகிற தொல்லைதான் அப்போது கூட. காற்றில் இருக்கிற கரியமில வாயு மேற்பரப்புச் சோடாவோடு சேர்வதால் வருவது அது. கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் அசிங்கம். ஊற்றியதும் மேலே ஒரு பொலித்தீன் துண்டைப் படிய மூடினால் பெரும்பாலும் வராது.

கழற்றுவதும் வெட்டுவதும்

முழுத் தேங்காயெண்ணெய் என்றால் காலை எட்டு மணிக்கு ஊற்றுங்கள், பகல் முழுக்க வீட்டில் நிற்கிற நாளாகப் பாருங்கள். மூன்றாவது மணி நேரத்திலிருந்து அரை மணிக்கு ஒருக்கால் ஓரத்தை அமத்திப் பார்க்க வேண்டும். விரல் புதையக் கூடாது, நகம் மட்டும் பதிய வேண்டும். அந்த நிமிடம் பெட்டியைக் கழற்றி வெட்டுங்கள், கட்டி இன்னும் சூடாகத்தான் இருக்கும். பகல் சோறு சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் போச்சு. கையுறை கழற்றாதீர்கள், சோடா இன்னும் முழுசாக அடங்கவில்லை.

வெட்டுவதற்குக் கத்தியைவிடக் கம்பி நல்லது. கிற்றார்க் கம்பி கிடைக்காவிட்டால் மீன்பிடிக்கிற தங்கூசி போதும். தடித்ததாகப் பார்த்து வாங்கி, இரண்டு முனையிலும் குச்சி கட்டி, கட்டிக்கு அடியால் கொடுத்து மேலே இழுங்கள். வாழைச்சேனையோ கல்முனையோ, கடற்கரைச் சாமான் கடையில் கேட்டால் என்ன மீனுக்கு என்று கேட்பார்கள், சவர்க்காரத்துக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

கலப்பு எண்ணெய்க் கட்டி இரண்டு நாளாகியும் தாளில் ஒட்டுகிறதா? இழுக்காதீர்கள், இன்னொரு நாள் விடுங்கள். அப்படியும் ஒட்டினால் இரண்டு மணி நேரம் பிரீசரில் வைத்துவிட்டு எடுங்கள். அடுத்த தடவை சோடா போடுவதற்கு முன்பே தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டு தேக்கரண்டி. கட்டி கெதியாக இறுகும்.

வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று முட்டாமல், காற்றுப் போகிற தட்டில், வெயில் படாமல் நாலு முதல் ஆறு கிழமை வைக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற வைகாசி, ஆனி, ஆடியில் (கொறிக்கிற கச்சான் இல்லை) கட்டி அருமையாகக் காயும். மாரியில் ஈரக் காற்றை உறிஞ்சிக் கட்டி வியர்க்கும், துடைத்துத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். யன்னலோரத்தில் வைக்கிறவர்கள் மேலே ஒரு வலை போடுங்கள். எலியும் கடிக்கும், காகமும் தூக்கும். எங்கள் முருங்கை மரத்துக் காகம் ஒன்று இரண்டு கட்டி கொண்டுபோனது, அதுவும் ஆறு கிழமை முடிந்தவற்றில்தான்.

அச்சு கழுவுவதில் அவசரம் வேண்டாம். ஊற்றிய அன்றே கழுவினால் கைக்குச் சோடாவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் மிச்சம். ஒரு நாள் அப்படியே விடுங்கள், ஒட்டியிருப்பதும் சவர்க்காரமாகிவிடும், பிறகு தண்ணீர் மட்டும் போதும். மரப் பெட்டியைத் தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், பலகைகளைத் திரும்பவும் பூட்டி, நட்டைத் தளர்வாக விட்டு வையுங்கள். இறுக்கி வைத்தால் மழைக்காலத்தில் பலகை ஊதி, அடுத்த தடவை நட் திரும்பாது. கண்ணாடிச் சீற்றைச் சுருட்டாமல் ஏதாவது கொப்பிக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். நான் பழைய கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன், அதே கொப்பியில்தான் ஒவ்வொரு ஊற்றலின் திகதியும், எண்ணெயும், எத்தனையாவது மணியில் வெட்டினேன் என்பதும் இருக்கிறது.